கடைசிப் பத்து மீற்றர்: புவிப்புதையல் தேடலும் வாவிக்கரை ஊர்களின் வரலாறும்

உலகின் பல நாடுகளில் சிறியோரும் பெரியோரும் ஓய்வு நாட்களில் ஈடுபடும் ஒரு தேடல் விளையாட்டு, பெயர் அறியப்படாத சிற்றூர்களின் வரலாற்றை வெளிக்கொணரும் வழியாக எவ்வாறு மாறியது என்பதும், அந்த வழியை மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்கள் எவ்வாறு தம்முடையதாக்கிக்கொள்ளலாம் என்பதுமே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

ஜியோகேஷிங் என்று உலகெங்கும் அழைக்கப்படும் இவ்விளையாட்டைத் தமிழில் புவிப்புதையல் தேடல் எனலாம். ஒருவர் நீர் புகாத சிறு பெட்டி ஒன்றினுள் ஒரு குறிப்பேட்டை வைத்து, அதனை ஓரிடத்தில் மறைத்துவிட்டு, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காகவோ தெற்காகவோ எவ்வளவு தூரம், கிரீனிச்சிலிருந்து கிழக்காகவோ மேற்காகவோ எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும் எண்களை, இணையத்தில் வெளியிடுகிறார். மற்றொருவர் அவ்வெண்களைக் கைக்கருவியிலோ கைத்தொலைபேசியிலோ இட்டு, அவ்விடத்தைத் தேடிச் சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, குறிப்பேட்டில் தம் பெயரையும் திகதியையும் எழுதி, மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டு வருகிறார். விளையாட்டு இவ்வளவே. பெட்டிக்குள் பொன் இல்லை, விலைமதிப்புள்ள பொருள் இல்லை. அவ்வாறிருக்க, இலட்சக்கணக்கான மக்கள் இதனைத் தேடி அலைவது எதற்காக?

விடை காண, கருவியின் வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செய்மதிகள் நேரக்குறியீடுகளை இடையறாது அனுப்புகின்றன; அவற்றுள் நான்கின் குறியீடுகளேனும் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கணித்து, கருவி தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. இராணுவத் தேவைக்கென உருவான இவ்வமைப்பின் துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைக்காதவாறு, குறியீடுகளில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் நூறு மீற்றர் வரை விலகியிருக்கலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3 அன்று, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளிக்குள் நூல்களையும் வேறு சில சிறுபொருட்களையும் ஒரு தகரப் பேணி அவரைவிதையையும் இட்டுக் காட்டோரத்தில் வைத்து, அவ்விடத்தின் எண்களை அறிவித்தார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் மறைந்திருக்கின்றன.

ஆயினும் இந்த ஆசை செய்மதியோடு பிறந்ததன்று. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் சதுப்புமேட்டில், 1854ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து செல்வதற்கே கடினமான கிரான்மியர் குளம் என்னும் இடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்து, அங்கு வந்துசேர்வோர் தம் பெயர்ச்சீட்டுகளை அதனுள் இட்டுச்செல்ல வழிசெய்தார். அருமையான ஓரிடத்துக்கு வந்துசேர்ந்ததைப் பதிந்துவைக்க வேண்டும், அடுத்து வருபவர் அதனைக் காண வேண்டும் என்ற அவாவே அப்போத்தலிலும் இருந்தது, ஒரேகன் வாளியிலும் இருந்தது.

இனி இங்கிலாந்தின் சிற்றூர்களை எடுத்துக்கொள்ளலாம். தமக்கெனத் தேவாலயம்கூட இல்லாத, சில வீடுகளும் ஒரு சந்தியும் மட்டுமே கொண்ட குக்கிராமங்கள் அங்கே பல உண்டு. நாட்டின் பெருவரலாற்று நூல்களில் அவற்றுக்கு ஒரு வரியும் இல்லை. ஆனால் அவ்வூரில் வாழும் ஒருவர், ஊரின் பழைய மைற்கல்லருகிலோ போர் நினைவுத்தூணருகிலோ ஒரு புவிப்புதையலை அமைக்கும்போது, அதற்கான அறிமுகக் குறிப்பையும் எழுத வேண்டியவராகிறார். அக்கல்லை நட்டவர் யார், அத்தூணில் பெயர் பொறிக்கப்பட்ட இளைஞர்கள் எவ்வீடுகளிலிருந்து போருக்குச் சென்றனர் என்று அவர் முதியோரிடம் கேட்கிறார், பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார். சில புதையல்களில், தூணிலுள்ள ஆண்டுகளையும் எழுத்துகளின் எண்ணிக்கையையும் கூட்டிக் கழித்தாலன்றி இறுதி இடத்தின் எண்கள் கிடைப்பதில்லை. ஆகவே தேடி வருபவர் அத்தூணின் முன் நின்று, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் படித்தே ஆக வேண்டும். எந்த அரசாங்கமும் ஆணையிடாமல், எந்தப் பல்கலைக்கழகமும் நிதி வழங்காமல், ஊரவரே ஊர் வரலாற்றைத் துண்டு துண்டாக எழுதிச் சேர்க்கும் பணி இவ்விளையாட்டின் பக்கவிளைவாக நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

அவையோர் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். செய்மதி ஒருவரை எவ்விடம் வரை கொண்டுவந்து விடுகிறது? ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அகலாங்கில் ஒரு கலை என்பது தரையில் ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர், ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றருக்கும் குறைவு. எண்களில் அத்தகைய நுணுக்கம் இருந்தபோதிலும், மரக்கிளைகளின் நிழலிலும் உயர்ந்த சுவர்களின் அருகிலும் குறியீடுகள் தடைப்படுவதால், கைக்கருவி பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மீற்றர் வரை பிழைபட்டே காட்டும். அந்தக் கடைசிப் பத்து மீற்றரில் கருவி பயனற்றுப் போகிறது. அங்கே மனிதக் கண் வேண்டும், ஊரறிவு வேண்டும், இது என்ன கல், இது யார் வைத்த மரம் என்று சொல்லும் ஒருவர் வேண்டும். வரலாறு இருப்பதும் அந்தக் கடைசிப் பத்து மீற்றரிலேதான்.

அவ்வாறாயின் மட்டக்களப்பின் கடைசிப் பத்து மீற்றர்களை எழுதிவைத்திருப்பவர் யார்?

வடக்கே ஏழு பாகை 43 கலை, கிழக்கே 81 பாகை 42 கலை என்று இட்டால், எந்தக் கருவியும் மட்டக்களப்பு நகரத்தைக் காட்டிவிடும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரைக்கு இணையாகக் கிடக்கும் வாவியையும், கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையையும், வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்த படுவான்கரையையும் செய்மதிப் படத்தில் எவரும் காணலாம். ஆனால் நகரின் நடுப்பகுதியான புளியந்தீவில் கோட்டை வாயிலின் முன் நிற்பவருக்கு அப்படம் என்ன சொல்லும்? 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கடலோடி மட்டக்களப்பில் வந்திறங்கி, கண்டி மன்னனைக் காணப் புறப்பட்டதைச் சொல்லுமா? 1628இல் போர்த்துக்கேயர் இக்கோட்டையைக் கட்டியதையும், கண்டியின் இரண்டாம் இராஜசிங்க மன்னனோடு சேர்ந்துகொண்ட ஒல்லாந்தர் 1638 மே 18 அன்று அதனைக் கைப்பற்றியதையும், ஐந்து நாட்களுக்குப் பின்னர் மே 23 அன்று மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான உடன்படிக்கை இங்கேயே ஒப்பமிடப்பட்டதையும் சொல்லுமா? இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதன்முதலாக வந்த கோட்டை இதுவே. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான அவர்களுடைய ஆதிக்கம் இந்தச் சிறிய தீவிலேதான் வேரூன்றத் தொடங்கியது. வாயிலில் ஒல்லாந்துக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை இருக்கிறது. உள்ளே பழைய பீரங்கிகள் இருக்கின்றன. இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியும் அரணாக அமைந்திருக்கின்றன. நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி இக்கோட்டைக்குள்ளேயே இயங்கியதால், காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்குமாக அந்த வாயிலின் கீழ் நடந்தவர் எண்ணற்றோர். அவர்களுள் எத்தனை பேர் தலைநிமிர்ந்து அம்முத்திரையைப் பார்த்திருப்பர்?

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், காந்தி பூங்காவை அடுத்து வாவிக்கரையில் நிற்கும் மட்டக்களப்பு வாயில், 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் என்பவரின் நினைவைத் தாங்குவது. அவர் வந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1815 ஏப்ரலில், இம்மண்ணிலேயே மறைந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814ஆம் ஆண்டிலிருந்தே கணிக்கிறது. வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர்; ஒரு சில மாதப் பணி இரு நூற்றாண்டாக ஏன் நிலைத்தது என்று அங்கேயே நின்று எண்ணிப்பார்க்க ஒரு குறிப்புத் தாள் போதும்.

அங்கிருந்து கல்லடிக்குச் செல்லலாம். 1924இல் கட்டப்பட்டு, அப்போதைய தேசாதிபதியின் மனைவியான மானிங் சீமாட்டியின் பெயரைப் பெற்ற இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே கிடக்கின்றன. மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்று நாடறியச் செய்தது இவ்விடத்து நீரே. சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் இங்கு வந்து, நிலவிரவில் வாவியிற் சென்று, நீருக்கடியிலிருந்து எழும் பாடல் போன்ற ஒலியைக் கேட்டு, படகின் மரத்தில் காதை வைத்தபோது அது மேலும் உரத்துக் கேட்டதை 1859இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துவைத்தார். தோணிக்காரர் செய்வதும் அதுவே: துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பர். பாடுவது மீனா, ஊரி எனப்படும் சங்கு வகை உயிரியா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்த இடத்தில், எந்தத் திங்களில், நிலவின் எந்த நாளில், பாலத்தின் எத்தூணருகில் கேட்டது என்பதைத் திகதியோடு எழுதிச் சேர்க்கும் ஒரு பொதுக் குறிப்பேடு இருந்திருக்குமானால், தலைமுறைகளாக வாய்மொழியாக உலவும் இச்செய்தி, ஆய்வாளர் கையாளத்தக்க சான்றாக வளர்ந்திருக்கும் அல்லவா? புவிப்புதையலின் குறிப்பேடு செய்வது சரியாக அதனையே: இடம், நாள், பெயர், கண்டது.

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளாகத்தில், காரைதீவில் 1892இல் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அங்கிருந்து கடற்பக்கமாகச் சென்றால், 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது சாய்ந்த கோபுரத்தோடு திருச்செந்தூர் முருகன் ஆலயம் நிற்கிறது. யாழ்நூல் எழுதிய விபுலானந்தர் துயிலும் இடத்துக்கும் சாய்ந்த கோபுரத்துக்கும் இடையே ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தூரமே உள்ளது. அவ்வழியில் கோபுரம் எத்திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்ற ஒரே வினாவை ஒரு மாணவியிடம் கொடுத்து அனுப்பினால், அவள் அலை வந்த திசையையும் அலை மீண்ட திசையையும் நினைத்துப் பார்க்காமல் விடையெழுத முடியாது.

ஆனால் நகரத்தையும் கல்லடியையும்விட இப்பணி மிகுதியாக வேண்டப்படுவது வாவியின் துறைகளில்தான். நெடுங்காலம் எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்தவை பெரும்பாலும் பாலங்களல்ல, துறைகள். மண்முனைத்துறை, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலான துறை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான துறை என்று, நெல்லும் மீனும், மணமகளும் மருத்துவிச்சியும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர்த்திருவிழாவுக்கும் சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் திருவிழாவுக்கும் செல்லும் அடியார் கூட்டமும் கடந்தது இத்துறைகளின் வழியேதான். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை இப்பகுதி மக்கள் பாதை என்றே அழைப்பர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அது பெரும் நன்மை, படுவான்கரை மக்கள் பல தலைமுறையாக வேண்டிநின்ற நன்மை. எனினும், பாலம் வந்த நாளிலிருந்து துறையின் நினைவு கரையத் தொடங்கிவிட்டது. பாதை எங்கே கட்டப்பட்டிருந்தது? மழைக்காலத்தில் காற்று மாறினால் எத்திசைக்கு வளைத்துச் செலுத்தினர்? இரவில் நோயாளியோடு வந்து நின்றவர் எதிர்க்கரையில் இருப்பவரை எவ்வாறு அழைத்தார்? இவற்றை அறிந்தோர் இன்றும் அக்கரைகளில் வாழ்கின்றனர். இன்னும் இருபது ஆண்டுகளில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

மட்டக்களப்புக்கு வரலாற்று நூல்கள் இல்லையா என்று அவையில் எவரேனும் வினவலாம். உண்டு. 1921இல் எஸ். ஓ. கனகரெத்தினம் ஆங்கிலத்தில் வெளியிட்ட மாவட்ட வரலாறு உண்டு, எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் உண்டு, வித்துவான் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலேயே வெளிவந்தது. இவை இம்மண்ணின் செல்வங்கள். ஆனால் மான்மியம் சொல்லும் உலகநாச்சி என்ற அரசியின் மண்முனையைத் தேடி வரும் ஓர் இளைஞன் எந்த மேட்டில், எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று எந்நூலும் சொல்வதில்லை. நூல் நாட்டைச் சொல்லும், ஊரைச் சொல்லும். நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை.

இனி நிலத்தையும் நீரையும் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2004 முதல் இவ்விளையாட்டில் புவியியற் புதையல் என்ற ஒரு வகை உண்டு. அதில் பெட்டி கிடையாது, ஓரிடத்தின் நில அமைப்பைக் கண்டு வினாக்களுக்கு விடையளிப்பதே கண்டெடுத்தலாகும். 1913இல் எழுந்த வெளிச்சவீடு நிற்கும் பாலமீன்மடு முகத்துவாரத்தைவிட இதற்கேற்ற இடம் இலங்கையில் எத்தனை இருக்கும்? கோடையில் ஆறுகளின் நீர்வரத்துக் குன்றியதும், கடலலை கொண்டுவந்து குவிக்கும் மணல் வாவியின் வாயை அடைத்துவிடுகிறது. வாடைக்காற்றோடு மாரி வந்ததும் வாவி நிறைந்து படுவான்கரை வயல்களுக்குள் ஏறுகிறது. அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று விவசாயி கேட்பார். மிகவும் முந்தி வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும் என்று மீனவர் அஞ்சுவார். ஒரு மணற்றிட்டின் மேல் நின்றுகொண்டு, வயலின் நலனும் வாவியின் நலனும் மோதும் இடத்தைக் கண்ணால் காணலாம். புவியியல் பாடநூலின் எப்பக்கம் இதனை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும்?

எனினும், மேலைநாட்டு வழக்கத்தை அப்படியே இங்கு நட்டுவிடலாகாது. இங்கிலாந்தின் வெதர்பி நகரத்தில் 2011இல், நடைபாதையோரம் மறைக்கப்பட்ட ஒரு புதையற் பெட்டியை வெடிகுண்டென ஐயுற்று, வீதியை மூடி, படையினரை வரவழைத்து வெடிக்கவைத்தனர். அமைதியான ஒரு நகரத்திலேயே இதுவெனில், ஏறத்தாழ மூன்று தசாப்தப் போரைக் கண்ட மண்ணில், 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடிப்பைக் கண்ட நகரத்தில், உரிமையாளர் பெயரற்ற ஒரு பெட்டியைப் புதருக்குள் கண்டெடுக்கும் தாய்க்கு என்ன நேரும்? மிதிவெடி அகற்றுவோர் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த பாடம், தெரியாத பொருளைத் தொடாதே என்பதாகும். அப்பாடத்துக்கு முரணான எதையும் எந்த விளையாட்டின் பெயராலும் கற்பிக்கக் கூடாது. தொல்பொருட் சின்னங்களில் தோண்டுவதும் செருகுவதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்கும் ஒவ்வாதவை. ஆதலால் மட்டக்களப்புக்கு வேண்டியது பெட்டியில்லாத புதையல். இடத்தின் எண், அவ்விடம் பற்றிய ஒரு குறிப்பு, அங்கே நின்று பார்த்தாலன்றி விடையளிக்க முடியாத ஒரு வினா ஆகிய மூன்றும் போதும். இணையத்தில் அட்வென்ச்சர் லேப் எனும் பெயரில் பெட்டியில்லாத் தேடல்கள் ஏற்கெனவே நடைபெறுகின்றன. அதுவும் வேண்டாமெனில், பாடசாலை அச்சிடும் ஒரு தாளிலேயே இதனைச் செய்துவிடலாம்.

வேறொரு எல்லையும் உண்டு, அது இன்னும் கண்டிப்பானது. 1990 ஆகஸ்ட் 3 அன்று தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களும், அதே ஆண்டு செப்ரெம்பர் 9 அன்று ஊரவர் படுகொலை செய்யப்பட்ட சத்துருக்கொண்டானும், 1987இலும் 1991இலும் குருதி சிந்திய கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியும் தேடல் விளையாட்டின் புள்ளிகள் ஆகலாகா. அவ்விடங்களின் வரலாறு எழுதப்பட வேண்டும், முழுமையாக எழுதப்பட வேண்டும். ஆனால் அதனை எழுதும் உரிமையும் காட்டும் உரிமையும் முதலில் இழந்தோருக்கே உரியவை. தமிழர் ஊரின் துயரைத் தமிழரும், முஸ்லிம் ஊரின் துயரை முஸ்லிம்களும் தனித்தனியே நினைவுகூர்வதோடு நின்றுவிடாமல், ஒரு கரையின் பிள்ளைகள் மறுகரையின் குறிப்பை வாசிக்கும் நாள் வர வேண்டும் என்பதற்காகவே, துயரிடங்களை விட்டு, துறைகளிலும் சந்தைகளிலும் கோயிற் கேணிகளிலும் காத்தான்குடியின் பூர்வீக நூதனசாலையிலும் இப்பணியைத் தொடங்குவது தக்கது.

இப்பணிக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கைத்தொலைபேசி, ஒரு குறிப்பேடு, ஓர் ஆசிரியரின் சனிக்கிழமைக் காலைப்பொழுது. எவ்வளவு அறிவு வேண்டும்? ஊரின் மூத்தவர் ஒருவரைத் தேடிச்சென்று, அம்மம்மா, அந்தத் துறை எங்கே இருந்தது என்று கேட்கும் அறிவு மட்டும் வேண்டும். எண்ணைக் கருவி தரும். குறிப்பைப் பிள்ளை எழுதும். பிழையை ஊர் திருத்தும். குறிப்பு தமிழிலேயே முதலில் எழுதப்பட வேண்டும், ஏனெனில் அதனைத் திருத்தத் தக்கவர்கள் தமிழிலேயே வாசிப்பவர்கள்; ஆங்கிலமும் சிங்களமும் அடுத்துச் சேரலாம்.

ஆகவே, இம்மண்டபத்தில் வீற்றிருக்கும் அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் இச்சொற்பொழிவு வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு பாடசாலையும் தன் கிராம சேவையாளர் பிரிவுக்குள் ஓர் இடத்தைத் தெரிவுசெய்யட்டும். பெரிய கோயிலும் புகழ்பெற்ற கட்டடமும் வேண்டாம், கைவிடப்பட்ட ஒரு துறையோ, தூர்ந்த ஒரு கேணியோ, பழைய ஓர் ஆலமரமோ போதும். அவ்விடத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒருவரோடு அங்கே சென்று நில்லுங்கள், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி, அவரிடமே வாசித்துக்காட்டி, பிறகு பாடசாலை நூலகத்தில் ஒரு படியும் மட்டக்களப்புப் பொது நூலகத்தில் ஒரு படியும் வையுங்கள். வரும் மாரிக்கு முன்னர், வீதிகள் நீரில் மூழ்குமுன்னர், முதற் குறிப்பு எழுதப்பட்டுவிட வேண்டும். மண்முனைத்துறையின் இரு கரைப் பாடசாலைகளும் முதலில் தொடங்கட்டும்.